கையை விடு, காலைப் பாரு: வியட்நாமின் பின் டின்னில் இரண்டு நாள்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முரசுகளுக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தார்கள். சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் குச்சிகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற எங்களைப் பார்த்ததும், முடிந்துவிட்டது என்று கையாலேயே காட்டினாள். அத்தை ஒன்றும் பேசாமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை என்றால் என் கணவரின் அம்மா. வயது 64. சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். அவருடைய அப்பா ஊரில் சிலம்ப வாத்தியார். பெண்பிள்ளைக்குக் கம்பு எதற்கு என்று வீட்டில் சொன்னதால் அத்தை முறையாகக் கற்றதில்லை. ஆனால் பத்து வயதுவரை தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். வியட்நாமில் பின் டின் என்ற ஒரு மாகாணமே கோல் சுற்றுவதற்குப் பேர் போனது, அங்கே பெண்கள்தான் அதிகம் சுற்றுவார்கள் என்று எங்கோ படித்துவிட்டு நான் சொன்னதும், "போவோமா?" என்று கேட்டார். அதற்கு முன் அவர் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. அதனால்தான் கிளம்பினோம்.

திருச்சியில் விமானம் ஏறி ஹோ சி மின் நகரம். அங்கிருந்து இரவு முழுக்க ரயில். விடிந்ததும் டியூ ட்ரி நிலையத்தில் இறங்கினால் பத்து கிலோமீட்டரில் குய்நோன் என்ற கடற்கரை நகரம். அங்கிருந்து மேற்கே, மலைப்பக்கம் போகும் 19ஆம் எண் நெடுஞ்சாலையில் 45 கிலோமீட்டர் போனால் ஃபூ ஃபோங். அந்தச் சிற்றூரில்தான் குவாங் ட்ருங் அருங்காட்சியகம் இருக்கிறது. முரசும் தற்காப்புக் கலையும் சேர்ந்த நிகழ்ச்சியை அங்கே நடத்துகிறார்கள்.

எங்களைக் கூட்டிப்போன கார்க்காரர் வழியில் இரண்டு கடைகளில் நிறுத்தினார். வாங்கத்தான் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் முக்கால் மணி நேரம் போய்விட்டது. கோபம் வந்தது உண்மைதான். ஆனால் தப்பு என் பேரிலும் இருந்தது. நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று நான் முதல் நாளே யாரையும் போன் செய்து கேட்கச் சொல்லவில்லை. இணையத்தில் பார்த்த நேரத்தை நம்பிக் கிளம்பிவிட்டேன். அங்கே நம் ஊர் சினிமா மாதிரி தினமும் இத்தனை காட்சி என்று கிடையாது. சுற்றுலாக் குழுக்கள் வரும் நேரத்தை ஒட்டித்தான் நடத்துகிறார்கள். நீங்கள் தங்கும் விடுதியின் வரவேற்பில் இருப்பவரிடம் சொல்லி, முதல் நாள் மாலையே அருங்காட்சியகத்துக்குப் பேசிவிடுங்கள். இன்னொன்று, அந்த நாட்டில் மதிய இடைவேளை நீளமானது. பதினொன்றரை மணி வாக்கில் எல்லாம் மூடினால் ஒன்றரைக்கு மேல்தான் திறக்கும். நடுப்பகலில் போய் நின்றால் வெயிலில் காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, அன்றைக்கே திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அத்தை எழுந்து, "வந்ததுக்குச் சுத்திப் பாத்துட்டாவது போவோம்" என்றார்.

வளாகத்துக்குள் ஒரு பெரிய புளியமரம். 200 வருஷத்துக்கு மேலான மரம் என்கிறார்கள். பக்கத்தில் செங்கல் நிறத்தில் ஒரு பழைய கிணறு. தே சோன் சகோதரர்கள் மூன்று பேரும் பிறந்து வளர்ந்த வீடு இருந்த இடம் அது. நுயென் ஞாக், நுயென் ஹுவே, நுயென் லூ. 1771இல் இந்த மலையடிவாரத்தில் இருந்து கிளம்பி, நாட்டை இரண்டாகப் பிரித்து ஆண்டுகொண்டிருந்த பிரபுக் குடும்பங்களைச் சாய்த்தவர்கள். நடுவில் சொன்ன நுயென் ஹுவேதான் 1788இல் குவாங் ட்ருங் என்ற பெயரில் பேரரசர் ஆனார். அடுத்த வருஷமே, 1789 சந்திரப் புத்தாண்டின் ஐந்தாம் நாள், இன்றைய ஹனோய் பக்கம் வந்திறங்கியிருந்த சீனத்துச் சிங் படையை விரட்டினார். வீரர்களுக்குப் புத்தாண்டை முன்கூட்டியே கொண்டாட வைத்துவிட்டு, எதிரி விருந்தில் இருக்கும் நேரம் பார்த்துத் தாக்கினார். பீரங்கிக்கும் தீக்கும் எதிராக, பலகைகளில் ஈர வைக்கோலைக் கட்டிக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கோட்டையை நோக்கி ஓடினார்கள் என்று படித்தபோது அத்தை, "ஈர வைக்கோலா!" என்று மட்டும் சொன்னார். நெல் விளையும் ஊரில் பிறந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

குவாங் ட்ருங் 1792இல் இறந்தார். 1802இல் அந்த வம்சமே முடிந்தது. வென்று வந்த புதிய அரசர் தே சோன் பெயரைச் சொன்னாலே தண்டனை என்று ஆக்கிவைத்திருந்தார். அப்போது ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த வீடு இருந்த இடத்தில் ஊர்ப் பொதுக்கோயில் என்ற பெயரில் ஒன்றைக் கட்டி, உள்ளே ரகசியமாக அந்த மூன்று பேரையும் கும்பிட்டு வந்தார்கள். இன்று அதே இடத்தில் அவர்களுக்குப் பெரிய கோயில் இருக்கிறது. எனக்கு அந்த வளாகத்தில் எல்லாவற்றையும்விட மனசில் நின்றது இதுதான். கலையும் அப்படித்தான் வீட்டுக்குள், கொல்லைப்புறத்தில், அப்பா மகனுக்கும் அம்மா மகளுக்கும் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறது.

புளியமரத்தடியில் நிற்கும்போதுதான் அந்தச் சிவப்புச் சட்டைப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அத்தை என்னிடம் கேட்கக்கூட இல்லை. நேரே அவளிடம் போய், இல்லாத ஒரு கம்பைக் கையில் பிடித்துத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். அந்தப் பெண் சிரித்தாள். போனை எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் ஏதோ சொன்னாள். "பாட்டிக்குக் கோல் தெரியுமா? சாயங்காலம் எங்கள் பயிற்சிக்கூடத்துக்கு வருகிறீர்களா?" என்று திரையில் வந்தது.

அன்று இரவு ஃபூ ஃபோங்கிலேயே தங்கினோம். சின்ன விடுதி, சுத்தமாக இருந்தது. இந்தப் பயணத்தில் நான் சரியாக எடுத்த முடிவு அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். பெரும்பாலான பயணிகள் குய்நோனில் இருந்து காலையில் வந்து, அரை மணி நேர நிகழ்ச்சி பார்த்து, மதியம் கடலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது பூவை மட்டும்தான். செடியைப் பார்க்க வேண்டுமானால் ஒரு மாலை நேரம் இந்த ஊரில் இருக்க வேண்டும்.

அந்த ஊர்ப் பயிற்சிக்கூடம் என்பது ஒரு வீட்டின் முற்றம். சிமென்ட் தரை, மேலே தகரக் கூரை, ஓரத்தில் கோல்களும் ஈட்டிகளும் சாய்த்துவைத்த ஒரு மரச்சட்டம். சுவரோரம் முன்னோர் பீடம். அதில் பழத்தட்டு, ஊதுபத்தி. முற்றத்துக்குள் நுழையும்போது செருப்பை வெளியே விட்டோம், யாரும் சொல்லாமலே. வழியில் வாங்கிய ஆரஞ்சுப் பழங்களை அத்தை கொடுத்ததும் ஆசிரியர் அதை முதலில் பீடத்தில் வைத்துத்தான் கும்பிட்டார். நீங்களும் போனால் பணத்தை நீட்டாதீர்கள், பழம் கொண்டுபோங்கள். அதை வாங்கிக்கொள்ள அவர்களுக்குச் சங்கடம் இருக்காது.

இருபது பிள்ளைகள் இருக்கும். பாதிக்கு மேல் பெண்கள். எல்லோருக்கும் கறுப்பு உடை. இங்கே கராத்தே தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வியட்நாம் மரபுக் கலையில் இடுப்புப் பட்டையின் வரிசை தலைகீழ். கறுப்பு ஆரம்பப் பிள்ளைகளுக்கு, வெள்ளை எல்லாவற்றுக்கும் மேலே. மூலையில் வெள்ளைப் பட்டை கட்டி அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு முதலில் வணக்கம் சொல்லுங்கள்.

பிள்ளைகள் என்னை "கோ" என்று கூப்பிட்டார்கள், அத்தையை "பா" என்று. அந்த மொழியில் நான், நீ என்பதற்குப் பதில் பெரும்பாலும் உறவுமுறையைத்தான் சொல்கிறார்கள். பா என்றால் பாட்டி. கோ என்றால் அப்பாவின் தங்கை, அதாவது நம் அத்தை. பெண் ஆசிரியரையும் அப்படித்தான் அழைப்பார்கள். இதை நான் சொன்னதும் அத்தைக்குக் கண் விரிந்துவிட்டது. "அப்ப இங்க நீதான் அத்தையா?" என்றார்.

முதலில் எல்லோரும் பீடத்தைப் பார்த்து நின்று வணங்கினார்கள். ஒரு கையை முட்டியாக்கி மறு உள்ளங்கையோடு மார்புக்கு முன்னால் சேர்ப்பது. அந்த நேரத்தில் குறுக்கே நடக்கக் கூடாது, படமெடுக்கக் கூடாது. நானாகவே போனைக் கீழே வைத்துவிட்டேன். அதைக் கவனித்த ஆசிரியர் அப்புறம் அவராகவே, எடுங்கள் எடுங்கள் என்று கை காட்டினார்.

பின் டின்னில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஒரு சொலவடை இருக்கிறது. துவான் ட்ருயென் ஊருக்குக் கோல், ஆன் தாய் ஊருக்குக் கைவித்தை, அதாவது வெறுங்கைச் சண்டை. இரண்டும் கோன் ஆற்றுப் பக்கத்து ஊர்கள். துவான் ட்ருயென் கோலுக்கு நாடு முழுக்கப் பேர் வாங்கித் தந்தவர் ஹோ ஙான் என்ற ஆசான், 1891இல் பிறந்து 1976வரை வாழ்ந்தவர். இன்னொரு நாட்டுப்புறப் பாட்டு, பின் டின் போய்ப் பாருங்கள், அங்கே பெண்பிள்ளைகள் கோலெடுத்து வித்தை ஆடுவார்கள் என்கிறது. இது வெறும் பாட்டு இல்லை. தே சோன் படையின் தளபதிகளில் ஒருவர் புய் தி சுவான் என்ற பெண். யானைப்படையைப் பழக்கியவர். 1802இல் தோற்ற பிறகு யானையை விட்டே மிதிக்க வைத்துக் கொன்றார்கள். அவருக்கும் அங்கே பக்கத்திலேயே கோயில் உண்டு.

கோலை அவர்கள் "ரோய்" என்கிறார்கள். சாட்டைக்கும் அதே சொல்தான். நீளக் கோல் ஆள் உயரத்தைத் தாண்டும். அடிப்பக்கம் பருத்து, நுனி போகப் போக மெலியும். நம் கம்பை நடுவிலும் பிடித்து இரண்டு பக்கமும் சுற்றுவோம் இல்லையா? இங்கே பெரும்பாலும் பருத்த அடியை இரண்டு கையாலும் பிடித்து, நுனியை எதிராளியின் மேல் வைக்கிறார்கள். சுற்று குறைவு. குத்து, தட்டிவிடல், ஒட்டியபடியே உள்ளே நுழைவது, இதுதான் அதிகம். நான் முதல் பத்து நிமிஷம் அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று ஒன்றுமே புரியவில்லை.

அத்தை என் முழங்கையில் தட்டினார். "கையை விடு எம்மா. காலைப் பாரு."

பதின்மூன்று வயதிருக்கும் ஒரு பெண் எங்களுக்கு நேர் எதிரே ஆடிக்கொண்டிருந்தாள். நான் அவள் பாதத்தைப் பார்த்தேன். வெறுங்கால். பின்னங்கால் சிமென்டில் முழுதாகப் பதிந்திருந்தது. முன்னங்கால் குதிகால் தரையைத் தொடாமல், பெருவிரல் மட்டும் ஊன்றி இருந்தது. கோல் பாய்வதற்கு ஒரு கணம் முன்னால் அந்தப் பெருவிரல் உள்பக்கமாகத் திரும்பும். அவ்வளவுதான், அப்புறம் இடுப்பு, தோள், கை எல்லாம் அதன் பின்னால் தானாக வரும். இரண்டு மூன்று தடவை பார்த்த பிறகு, கோல் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று எனக்கே முன்கூட்டித் தெரிய ஆரம்பித்தது. அதற்கு முன் பார்த்தது ஒரு குழப்பம். இப்போது பார்த்தது ஒரு சண்டை. எதிரே இல்லாத ஓர் ஆள் என் கண்ணுக்குத் தெரிந்தார்.

"எங்கப்பா கையில கம்பே குடுக்க மாட்டாரு. ஆறு மாசம் காலடிதான்," என்றார் அத்தை. இவ்வளவு வருஷத்தில் அவர் தன் அப்பாவைப் பற்றி என்னிடம் பேசியது மிகவும் கொஞ்சம்.

அந்தப் பெண்ணின் உதடு அசைந்துகொண்டே இருந்ததை அத்தைதான் முதலில் கவனித்தார். கேட்டோம். ஆசிரியர் செயலியில் நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு வரிசைக்கும், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஆடும் அசைவுகளின் கோவைக்கும், ஒரு செய்யுள் உண்டு. அதற்குத் "தியூ" என்று பெயர். ஒரு வரிக்கு இத்தனை அசைவு என்று கணக்கு. பிள்ளைகள் உடம்புக்கு முன்னால் வாயில் அதை ஏற்றிக்கொள்ள வேண்டும். நடுவில் மறந்துபோனால் பாட்டு காலை இழுத்துக்கொண்டு போகும். பழைய நூல்கள் போரிலும் தடையிலும் அழிந்தாலும் வரிசைகள் பிழைத்ததற்கு இந்தச் செய்யுள்கள் ஒரு பெரிய காரணம். யாப்பில் சொன்னால் நூறு வருஷம் நிற்கும் என்பது நம் வைத்தியப் பாட்டுகளையும் வாய்ப்பாடுகளையும் அறிந்தவர்களுக்குப் புதிது இல்லை.

வரிசைகளின் பெயர்களே அழகு. "ங்ஙொக் ட்ரான்" என்றால் பச்சைமணிக் கிண்ணம். "லாவோ மாய்" என்றால் முதிர்ந்த மாய் மரம், புத்தாண்டுக்குப் பூக்குமே அந்த மரம். எனக்குப் பிடித்தது "ஹுங் கே", சண்டைச் சேவல். மூன்று சகோதரர்களில் இளைத்த உடம்புக்காரரான நுயென் லூ, சேவற்கட்டைப் பார்த்துப் பார்த்து அதை அமைத்தார் என்பது மரபு. சின்ன உடம்பு பெரிய உடம்போடு மோத வேண்டும் என்றால் நேரே முட்டக் கூடாது. பக்கவாட்டில் நழுவி, கீழே புகுந்து, விரலை அலகு மாதிரி குவித்துக் கொத்த வேண்டும். அதன் செய்யுள், இரண்டு சேவல்கள் எதிர்ப்பட்டு மோதுவதில் தொடங்கி, இரண்டு காலும் ஒருசேரப் பறந்து நகம் மேல்நோக்கிப் பாய்வதற்குப் போகிறது. அதை ஆடிக்காட்டியது எட்டு வயதுப் பையன், அந்தக் கூட்டத்திலேயே மெலிந்தவன். ஆசிரியர் யோசித்துத்தான் அவனை நிறுத்தியிருக்க வேண்டும்.

வியட்நாம் சண்டைக் கலை என்று இணையத்தில் தேடினால் பறந்துபோய் எதிராளியின் கழுத்தை இரண்டு காலாலும் கத்தரிக்கோல் மாதிரி பிடித்து வீழ்த்தும் வீடியோக்கள்தான் முதலில் வரும். அது வோவினாம். 1938இல் ஹனோயில் நுயென் லோக் என்பவர் உருவாக்கியது, நீலச் சீருடை. அதுவும் அருமையான கலை, ஆனால் வேறு. அதை எதிர்பார்த்து பின் டின் வந்தால் ஏமாற்றமாக இருக்கும்.

இரவு அறைக்குத் திரும்பி, எடுத்த வீடியோக்களை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். முகம் தெளிவாக இருந்தது. கோல் தெளிவாக இருந்தது. கால் ஒன்றிலும் இல்லை. முட்டிக்குக் கீழே எல்லாம் வெட்டுப்பட்டிருந்தது. அத்தை எதுவும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. எந்த நாட்டு அடிமுறையைப் படமெடுத்தாலும் ஆளின் தலைக்கு மேல் இடம் குறைந்தால் பரவாயில்லை, பாதத்துக்குக் கீழே ஒரு சாண் தரை தெரிய வேண்டும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, போனை இடுப்பு உயரத்தில் பிடித்தாலே போதும்.

மறுநாள் காலை நிகழ்ச்சிக்கு அரை மணி முன்பே போய்விட்டோம். நடு வரிசை காலியாக இருந்தும் அத்தை ஓரத்தில் போய் உட்கார்ந்தார். பக்கவாட்டில் இருந்து பார்த்தால்தான் இரண்டு காலுக்கும் நடுவில் உள்ள தூரம் தெரியுமாம். அது உண்மை.

முதலில் முரசு. பன்னிரண்டு முரசுகள், பன்னிரண்டு வருஷ விலங்குகளுக்கு ஒன்றாக. (அவர்கள் கணக்கில் முயல் கிடையாது, அந்த இடத்தில் பூனை.) அடித்தது நேற்றைய அந்தப் பெண்தான். தே சோன் படை போருக்கு எழுப்பிய முழக்கத்தின் வழி வந்தது இது என்கிறார்கள். படை கிளம்புவது, கோட்டையைத் தாக்குவது, வென்று திரும்புவது என்று போகும். தொடக்கத்தில் நிதானம். காலாட்கள் வெகு தூரத்தில் நடந்து வருவது மாதிரி ஒரே சீராக. அப்புறம் வேகம் ஏறியது. குச்சியால் தோலில் அடித்தவள் விளிம்பு மரத்தில் அடித்தாள், பின்பக்கம் திரும்பாமலே பின்னால் இருந்த முரசை அடித்தாள், முழங்கையால் இடித்தாள். மார்புக்கூட்டுக்குள் அதிர்ந்தது. முதல் நாள் இரவு பார்த்திராவிட்டால் நான் கையைத்தான் பார்த்திருப்பேன். அன்று அவள் காலைப் பார்த்தேன். முரசு அடிப்பவளும் அதே காலடிதான் வைக்கிறாள்! பின்னங்கால் பதிந்து, முன்னங்கால் பெருவிரலில் திரும்பி, அந்தத் திருப்பத்தில் இருந்துதான் ஒவ்வொரு அடியும் வந்தது. இரண்டும் ஒரே கலை என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டேன்.

பிறகு கைவித்தை, வாள், ஈட்டி, கோலுக்குக் கோல் ஜோடிச் சண்டை என்று வந்தன. மேடைக்காகக் கொஞ்சம் வேகமாக்கி, கொஞ்சம் பெரிதாக்கி ஆடுகிறார்கள். பாய்ச்சல் அதிகம், நடுவில் பாட்டும் ஒலிக்கிறது. அதில் தப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நூறு பேர் கூட்டத்தில் பெருவிரல் திரும்புவது யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த மேடை வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு இது நடனம் மாதிரி இருக்கிறதே என்று எங்கள் பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. அவரும் ஒரு மாலை அந்த முற்றத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அந்தக் கரையில் மழையும் புயலும். நாங்கள் போனது மார்ச், வெயில் தாங்கும்படி இருந்தது. சந்திரப் புத்தாண்டின் ஐந்தாம் நாள் அருங்காட்சியக வளாகத்தில் 1789 வெற்றியின் பெரிய திருவிழா நடக்கும். அதைப் பார்க்க ஆசைதான். ஆனால் அந்த வாரம் நாடே ஊருக்குப் போகும், ரயில் டிக்கெட் மாதக்கணக்கில் முன்னால் எடுக்க வேண்டும், கடைகளும் பாதி மூடியிருக்கும். வரைபடத்தில் தேடும்போது குழம்பாதீர்கள். 2025 ஜூலை 1 முதல் பின் டின் மாகாணத்தைப் பக்கத்து மலை மாகாணமான கியா லாயோடு இணைத்து, கியா லாய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் பின் டின்தான். விசா இணையத்திலேயே கிடைக்கிறது. 90 நாள்வரை தருகிறார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "சாய்" என்று எழுதிய பலகையைத் தேட வேண்டும். பௌத்த வழக்கப்படி அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நிறையப் பேர் சைவம் சாப்பிடுவதால் சின்ன ஊரிலும் ஒரு கடையாவது இருக்கும். மற்ற கடையில் காய் மட்டும் போட்டுக் கொடுத்தாலும் மீன் சாறு கலந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஆன் தாயில் பாசிப்பயற்று மாவில் செய்யும் சேமியா பேர் போனது. அப்புறம் "பான் இட்". ஒருவகை இலையை அரைத்துச் சேர்ப்பதால் கன்னங்கறேல் என்றிருக்கும் பசையரிசிக் கொழுக்கட்டை, உள்ளே தேங்காயோ பயறோ வெல்லப் பதத்தில், வெளியே வாழையிலை. அத்தை ஒன்றைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இஞ்சி போட்டிருக்காங்க" என்று மெச்சினார். ஆறு வாங்கினோம்.

மொழி தெரியாதது பெரிய தடையாக இல்லை. ஆனால் செயலியை மட்டும் நம்ப வேண்டாம், முற்றத்தில் சத்தம் அதிகமாக இருந்ததால் பல தடவை அது குழம்பியது. ‘நாங்கள் இந்தியாவில் இருந்து வந்திருக்கிறோம், ஓரமாக உட்கார்ந்து பயிற்சியைப் பார்க்கலாமா?’ என்று விடுதிக்காரரிடம் வியட்நாமிய மொழியில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டால் எந்தப் பயிற்சிக்கூடத்து வாசலிலும் நிற்கலாம். குய்நோனுக்குப் பக்கத்தில் லோங் ஃபுவோக் என்ற பௌத்த மடத்திலும் துறவிகள் வித்தை சொல்லிக்கொடுக்கிறார்கள், வெளிநாட்டினரும் வந்து கற்கிறார்கள். எங்களுக்கு அங்கே போக நேரம் இருக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது, முந்தைய நாள் ஆடிய அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் பள்ளிச் சீருடையில் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். பாட்டியைப் பார்க்கத்தான் வந்தாளாம். கையில் ஒரு சின்னக் கோல். அதை அத்தையிடம் நீட்டினாள். அத்தை வாங்கிக்கொள்ளத் தயங்கினார். செருப்பைக் கழற்றினார், சேலை முந்தானையை இடுப்பில் செருகினார், அப்புறம் கோலை வாங்கித் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பெண் நான்கு அடி வைத்துக் காட்டினாள். அத்தை பின்னாலேயே மூன்று வைத்தார். நான்காவதில் கால் பின்னிக்கொண்டது. அவள் குனிந்து, தன் கையாலேயே அத்தையின் பாதத்தைப் பிடித்து, பெருவிரலை உள்பக்கமாகத் திருப்பி வைத்தாள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, போனை இடுப்பு உயரத்தில் பிடித்து அதை எடுத்தேன்.

அன்று இரவு டியூ ட்ரி நிலையத்தில் ரயில் ஒரு மணி நேரம் தாமதம். அத்தை என் போனை வாங்கிக்கொண்டு நடைமேடையின் ஓரத்துக்குப் போனார். செருப்பு இரண்டும் பெஞ்சின் கீழே கிடந்தன. வெறுங்காலோடு நின்று, திரையைப் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்தார். நின்றார். வீடியோவைப் பின்னுக்கு ஓட்டிவிட்டு மறுபடியும் முதல் அடியில் இருந்து ஆரம்பித்தார்.